பாட்டு வந்துவிட்டது, பதிவேடு வரவில்லை: ஐடியூன்ஸ் லைப்ரரியைப் புதுக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய விண்டோஸ் மடிக்கணினியில், ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸில், 12 ஆண்டுகளாகச் சேர்த்த பாட்டுகள், சில திரைப்படங்கள், ஒலிப்புத்தகங்கள் என 400 ஜிபி இருக்கின்றன. புதுக் கணினி வந்ததும் பாட்டு ஃபைல்களை எல்லாம் ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி செய்து, புது ஐடியூன்ஸுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பாட்டு பாடுகிறது. ஆனால் பிளேலிஸ்ட் ஒன்றுகூட இல்லை. நட்சத்திரங்கள் இல்லை. எல்லாப் பாட்டும் நேற்றுச் சேர்த்ததாகக் காட்டுகிறது. பல ஆல்பங்களுக்கு அட்டைப்படம் காணோம். சில நூறு பாட்டுகள் வரவே இல்லை. என்ன தவறு நடந்தது, இனி என்ன செய்யலாம் என்பது கேள்வி. இதேபோல் லைப்ரரி வைத்திருக்கும் மற்ற மென்பொருள்களை எப்படி மாற்றுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பழைய மடிக்கணினி இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது? அப்படியென்றால் எதுவும் போய்விடவில்லை. அதை யாருக்கும் கொடுக்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். "இடம் காலி பண்ணுவோம்" என்று அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட இப்போது அழிக்காதீர்கள். புதுக் கணினியில் இதுவரை செய்ததைத் திருத்திக்கொண்டிருக்கவும் வேண்டாம். அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, மாற்றத்தை முதலிலிருந்து ஒழுங்காகச் செய்வதுதான் சுலபம்.

நீங்கள் கொண்டுவந்தது பாட்டுகளை, லைப்ரரியை அல்ல. இரண்டும் வேறு. ஒரு நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியில் இருக்கும், எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, யார் எப்போது எடுத்தார்கள் என்பதெல்லாம் மேசையில் உள்ள பதிவேட்டில் இருக்கும். நீங்கள் புத்தகங்களை வண்டியில் ஏற்றிவிட்டீர்கள், பதிவேடு பழைய கட்டடத்திலேயே கிடக்கிறது. புது நூலகர் என்ன செய்வார்? வந்த புத்தகத்தை எல்லாம் இன்றைய தேதி போட்டுப் புதிதாகப் பதிந்துகொள்வார். உங்கள் ஐடியூன்ஸ் செய்ததும் அதுதான்.

எது எங்கே இருக்கிறது என்று ஒரு பாட்டை வைத்தே பார்த்துவிடுவோம். தாலாட்டு என்று ஓர் எம்பி3 ஃபைல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் தலைப்பு, பாடியவர், ஆல்பம், ஆண்டு, எத்தனையாவது பாட்டு என்பவை ஃபைலுக்குள்ளேயே ஐடி3 என்ற பகுதியில் எழுதப்பட்டிருக்கும். ஃபைல் எங்கே போனாலும் அவை கூடவே போகும். அதனால்தான் புதுக் கணினியிலும் பாட்டுகள் பெயரோடு வந்தன. ஆனால் அந்தப் பாட்டுக்கு நீங்கள் கொடுத்த 5 நட்சத்திரம், 143 முறை கேட்ட கணக்கு, கடைசியாகக் கேட்ட தேதி, முதன்முதலில் சேர்த்த நாள், அது இடம்பெற்ற நான்கு பிளேலிஸ்ட்கள் ஆகிய எதுவும் ஃபைலில் இல்லை. ஐடியூன்ஸ் அவற்றைத் தன் பதிவேட்டில் மட்டும் எழுதிக்கொள்கிறது. அந்தப் பதிவேட்டின் பெயர் ஐடியூன்ஸ் லைப்ரரி, முடிவில் ஐடிஎல் என்ற ஒட்டு இருக்கும். விண்டோஸ் அந்த ஒட்டுகளை வழக்கமாக மறைத்துவிடும். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை முதலில் இயக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே மாதிரிப் பெயருள்ள நாலைந்து ஃபைல்களில் எது எது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள்.

அட்டைப்படம் காணாமல் போன கதையும் இதே வகை. நீங்களே ஒட்டிய படம் பெரும்பாலும் ஃபைலுக்குள் போய்விடும். ஆனால் கெட் ஆல்பம் ஆர்ட்வொர்க் என்று சொல்லி ஐடியூன்ஸைத் தேடி எடுக்க வைத்த படங்கள் ஆல்பம் ஆர்ட்வொர்க் என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். பாட்டை மட்டும் எடுத்து வந்தால் அந்தப் படங்கள் வராது.

பதிவேட்டில் இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது: பாட்டின் முகவரி. எந்த டிரைவ், எந்த ஃபோல்டர், அதற்குள் எந்த ஃபோல்டர், கடைசியில் ஃபைலின் பெயர் என்று முழுமையாக எழுதி வைத்திருக்கும். பாட்டு அங்கே இல்லையென்றால் வரிசைக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக் குறி வரும். ஐடியூன்ஸ் வைத்திருப்பவர்கள் பெரிதும் வெறுக்கும் குறி அதுதான். லைப்ரரி மாற்றத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை பதிவேட்டில் எழுதிய முகவரிக்கும் ஃபைல் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் ஒத்துப்போகாததால் வருபவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

சில நூறு பாட்டுகள் ஏன் வரவே இல்லை? ஐடியூன்ஸில் எடிட், ப்ரெஃபரன்சஸ், அட்வான்ஸ்ட் என்று போனால், சேர்க்கும் பாட்டுகளை ஐடியூன்ஸ் மீடியா ஃபோல்டருக்குக் காப்பி செய்யவா என்று ஒரு பெட்டி இருக்கும். அது எப்போதோ குறியிடப்படாமல் இருந்திருந்தால், அந்தக் காலத்தில் சேர்த்த பாட்டுகள் அவை கிடந்த இடத்திலேயே கிடக்கும். டவுன்லோட்ஸில் சில, டெஸ்க்டாப்பில் சில, டி டிரைவில் "புதுப் பாட்டு", "புதுப் பாட்டு 2" என்ற ஃபோல்டர்களில் சில. ஐடியூன்ஸைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுபோல் தெரியும். நீங்கள் மியூசிக் ஃபோல்டரை மட்டும் எடுத்து வந்தால் சிதறிக் கிடந்தவை வராது. சந்தேகமாக இருந்தால், வராத ஒரு பாட்டைப் பழைய கணினியில் கண்டுபிடித்து, அதன் சாங் இன்ஃபோவில் ஃபைல் பக்கத்தைத் திறங்கள். முழு முகவரியும் அடியில் இருக்கும்.

சரி, இனி செய்யவேண்டியது. பழைய கணினியில்தான் தொடக்கம்.

முதல் வேலை, சிதறியதைச் சேர்ப்பது. ஃபைல் மெனுவில் லைப்ரரி, அதற்குள் ஆர்கனைஸ் லைப்ரரி, அதில் கன்சாலிடேட் ஃபைல்ஸ். இது வெளியே கிடக்கும் ஒவ்வொரு பாட்டையும் மீடியா ஃபோல்டருக்குள் கொண்டுவந்து, பதிவேட்டில் முகவரியையும் மாற்றி எழுதிவிடும். ஒன்றைக் கவனியுங்கள், அது காப்பிதான் எடுக்கிறது. பழைய இடத்தில் இருப்பதை அழிப்பதில்லை. அதனால் வெளியே கிடப்பது 60 ஜிபி என்றால், டிஸ்க்கில் இன்னும் 60 ஜிபி இடம் வேண்டும். பழைய மடிக்கணினியில் அந்த இடம் இருக்காது என்பது பலருக்கும் தெரிந்த கதை. இடம் இல்லையென்றால் பாட்டைத் தவிர்த்த மற்ற ஃபைல்களை முதலில் வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

கன்சாலிடேட் முடிந்தபின் ஐடியூன்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே பதிவேடு, ஆல்பம் ஆர்ட்வொர்க், மீடியா ஃபோல்டர் மூன்றும் இருக்கும். இப்படி எல்லாம் ஒரே கூரைக்குள் இருந்தால் ஒரு பெரிய வசதி: புதுக் கணினியில் உங்கள் பயனர் பெயர் வேறாக இருந்தாலும் ஐடியூன்ஸ் தன் ஃபோல்டருக்குள் இருக்கும் பாட்டுகளைத் தானே கண்டுபிடித்து முகவரிகளைச் சரிசெய்துகொள்ளும். மீடியா ஃபோல்டரைத் தனியாக டி டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் புதுக் கணினியிலும் அதே டிரைவ் எழுத்து, அதே ஃபோல்டர் வரிசை இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளி டிஸ்க்குக்குப் புதுக் கணினி வேறு எழுத்தைக் கொடுத்துவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் பழைய எழுத்தையே கொடுத்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. இது தெரியாமல் ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒவ்வொன்றாக "லொகேட்" செய்துகொண்டு உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, மேகத்தில் இருக்கும் ஃபைல்கள். சில கணினிகளில் மியூசிக், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவோடு இணைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்ப்ளோரரில் ஃபைலின் பெயர் தெரியும், அளவு தெரியும், ஆனால் பக்கத்தில் ஒரு சின்ன மேகப் படம் இருக்கும். அதன் பொருள், ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர்ப் பலகை மட்டும்தான் இருக்கிறது என்பது. காப்பி தொடங்கினால் ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து இறங்கும், நடுவில் இணைப்பு அறுந்தால் அரைகுறையாக நிற்கும். ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, எப்போதும் இந்தக் கணினியில் வைத்திரு என்ற தேர்வைக் கொடுத்து, எல்லாம் இறங்கி முடியும்வரை பொறுத்திருங்கள். ஆப்பிள் மியூசிக் சந்தாவில் சேர்த்த பாட்டுகள் வேறு விஷயம். அவை உங்கள் கணக்கோடு வந்துவிடும், சுமந்துகொண்டு போகத் தேவையில்லை.

மூன்றாவது, அனுமதி. ஐடியூன்ஸ் கடையில் வாங்கிய பாட்டுகளுக்கு 2009 முதல் பூட்டு கிடையாது. அதற்கு முன்னால் வாங்கியவற்றில் எம்4பி என்ற ஒட்டோடு இருப்பவற்றுக்கும், கடையில் வாங்கிய படங்களுக்கும் பூட்டு உண்டு. அவற்றை ஒரு கணக்கில் 5 கணினிகளில்தான் திறக்கலாம். எல்லாம் நல்லபடியாக மாறியபின், பழைய கணினியைக் கைவிடும் நாளில், அக்கவுன்ட் மெனுவில் ஆதரைசேஷன்ஸ் என்பதற்குள் போய் அதன் அனுமதியை விலக்கிவிடுங்கள். மறந்துபோய்க் கணினியைக் கொடுத்துவிட்டால்? எல்லாக் கணினிகளின் அனுமதியையும் ஒரே அடியாக விலக்கும் வழி கணக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைதான் அதைப் பயன்படுத்த முடியும்.

இனி காப்பி. ஐடியூன்ஸை மூடுங்கள். திறந்திருக்கும்போது பதிவேட்டைக் காப்பி செய்தால் பாதி எழுதிய பதிவேடு கிடைக்கலாம். மியூசிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ஐடியூன்ஸ் என்ற ஃபோல்டரை முழுசாக எடுங்கள். உள்ளே நுழைந்து இது வேண்டும், இது வேண்டாம் என்று பொறுக்காதீர்கள்.

எதில் எடுத்துப் போவது என்பதில் ஓர் எச்சரிக்கை. பழைய பென்டிரைவ்கள் பலவும் ஃபாட்32 முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க முடியாது. பாட்டுக்குப் பிரச்சினை இல்லை, முழுநீளப் படங்கள் தடுக்கி நிற்கும். எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றிக்கொண்டால் விண்டோஸ், மேக் இரண்டுமே படிக்கும், எழுதும். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது.

நேரக் கணக்கையும் போட்டுவிடலாம். பழைய யூஎஸ்பி 2 துளையில் நடைமுறையில் வினாடிக்கு 35 எம்பி கிடைத்தால் அதிகம். 400 ஜிபிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். யூஎஸ்பி 3 துளையில் ஒரு சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி அளவு தரும், ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் இது பெரிய ஃபைல்களுக்கான கணக்கு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அட்டைப்பட ஃபைல்கள் வரும்போது வேகம் படுத்துவிடும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். இரண்டு கணினிகளையும் ஈதர்நெட் கேபிளில் ரவுட்டரோடு இணைக்க முடிந்தால் அதுவும் நல்ல வழிதான். வைஃபையில் மட்டும் வேண்டாம். நேரம் ஆகும் என்பதைவிட, நடுராத்திரியில் அறுந்து நின்று, எதுவரை போனது என்று தெரியாமல் போவதுதான் தொல்லை.

மவுஸால் இழுத்துப் போட்டாலே போதும். ஆனால் இத்தனை ஃபைல்கள் என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் கருவி நல்லது. விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற கட்டளை இருக்கிறது. அதில் ஒரு வேடிக்கை: ஒரு ஃபைலைப் படிக்க முடியவில்லையென்றால், நீங்கள் வேறு எதுவும் சொல்லாதவரை, 30 வினாடிக்கு ஒரு முறை என்று 10 லட்சம் தடவை முயன்றுகொண்டே இருக்கும். கணக்குப் போட்டால் 11 மாதத்துக்கு மேல் வரும். ஆகவே மறுமுயற்சியை ஒன்று அல்லது இரண்டு என்று குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த மாதிரிக் கருவிகளில் மிரர் என்று ஒரு வசதி உண்டு. மூலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இலக்கையும் ஆக்கும். மூலத்தில் இல்லாதது இலக்கில் இருந்தால் அழித்துவிடும். நான் ஒருமுறை இரவு பதினொரு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இடப்பக்கம் வைக்கவேண்டியதை வலப்பக்கம் வைத்துத் தட்டிவிட்டேன். காலியாக இருந்த புது டிஸ்க் மூலம் ஆனது, நிறைந்திருந்த பழைய டிஸ்க் இலக்கு ஆனது. கருவி சொன்ன பேச்சைக் கேட்டுப் பழையதையும் காலியாக்கத் தொடங்கியது. எண்கள் இவ்வளவு வேகமாக ஓடுகின்றனவே, புது டிஸ்க் நல்ல டிஸ்க்தான் என்று ஒரு கணம் மகிழ்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. நிறுத்துவதற்குள் 'அ' முதல் 'க' வரை போய்விட்டது. இன்னொரு டிஸ்க்கில் இரண்டு மாதப் பழைய பேக்கப் இருந்ததால் பிழைத்தேன். இன்றுவரை மாற்றும் வேலைக்கு நான் மிரர் பக்கமே போவதில்லை. சேர்ப்பது மட்டும்தான், அழிப்பது கிடையாது.

இப்போது புதுக் கணினி. அங்கே நீங்கள் ஏற்கெனவே உருவாக்கிவிட்ட ஐடியூன்ஸ் ஃபோல்டரை அழிக்காமல், "ஐடியூன்ஸ் தற்காலிகம்" என்று பெயர் மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கலக்கும் ஆசை வரும். வேண்டாம். ஒரே பாட்டு இரண்டிரண்டாக வரும், அப்புறம் களையெடுக்க ஒரு வாரம் ஆகும். கொண்டுவந்த ஐடியூன்ஸ் ஃபோல்டரை மியூசிக் ஃபோல்டருக்குள் வையுங்கள். புதுக் கணினியில் இருக்கும் ஐடியூன்ஸ் பதிப்பு பழையதற்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்கவேண்டும். புதிய பதிப்பு எழுதிய பதிவேட்டைப் பழைய பதிப்பு திறக்காது. பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஐடியூன்ஸைத் திறங்கள். ஒரு சின்னப் பெட்டி வந்து, புது லைப்ரரியா, இருப்பதைத் தேர்ந்தெடுக்கவா என்று கேட்கும். அதுவரை விசையை விடாதீர்கள். சூஸ் லைப்ரரி கொடுத்து, நீங்கள் கொண்டுவந்த ஐடிஎல் ஃபைலைக் காட்டுங்கள். பிளேலிஸ்ட்கள் இடப்பக்கம் வரிசையாக வந்து நிற்கும். பல ஆண்டு நட்சத்திரங்களும் கூடவே வரும்.

ஒருவேளை பதிவேடு கெட்டுப்போய்த் திறக்கவில்லையென்றால், ஐடியூன்ஸ் ஃபோல்டருக்குள் ப்ரீவியஸ் ஐடியூன்ஸ் லைப்ரரீஸ் என்று ஒன்று இருக்கும். ஐடியூன்ஸ் பெரிய அளவில் மேம்படுத்தப்பட்டபோதெல்லாம் பழைய பதிவேட்டைத் தேதியிட்டு அங்கே ஒதுக்கி வைத்திருக்கும். கடைசித் தேதியுள்ளதை எடுத்து, பெயரைச் சரிசெய்து, வெளியே வையுங்கள். சமீபத்தில் சேர்த்தவை மட்டும் விட்டுப்போகும்.

சரிபார்ப்பதற்கு நான் இரண்டு காரியம் செய்வேன். பழைய கணினியில் சாங்ஸ் பக்கத்தின் அடியில் தெரியும் எண்ணிக்கை, மொத்த நேரம், அளவு மூன்றையும் செல்ஃபோனில் படம் எடுத்துக்கொள்வேன் (அது தெரியவில்லையென்றால் வியூ மெனுவில் ஸ்டேட்டஸ் பாரைக் காட்டச் சொல்லவேண்டும்). புதியதில் அந்த மூன்றும் அப்படியே வரவேண்டும். ஆனால் அது பதிவேடு ஒத்துப்போகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஃபைல்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்பதற்கு, அடிக்கடி கேட்பதை விட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் தொடாத பாட்டுகளாகப் பத்துப் பதினைந்தைத் தொட்டுப் பார்ப்பேன். பழைய டி டிரைவில் கிடந்தவை, மிக நீளமான பெயர் கொண்டவை, பெரிய படங்கள். ஓட்டை இருந்தால் இங்கேதான் இருக்கும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் உங்களிடம் இருந்தால் இன்னும் சில விஷயங்களைக் கவனிக்கவேண்டும். விண்டோஸிலிருந்து விண்டோஸுக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். நடுவில் ஒரு பழைய மேக்கோ, வீட்டுச் சர்வரோ இருந்தால் படியுங்கள். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். "கோ", "கௌ" வகைகளும் இப்படித்தான். மேக்கின் பழைய ஃபைல் முறையான எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களை எப்போதும் பிரித்தே எழுதி வைக்கும். விண்டோஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். அதன் விளைவு, "கொலுசு" என்ற ஃபைல் கண்ணெதிரே ஃபோல்டரில் இருக்கும், பிளேயர் இல்லை என்று சாதிக்கும். இல்லையென்றால் ஒரே ஃபோல்டரில் "கொலுசு" என்று இரண்டு ஃபைல்கள் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். அதே சமயம் "தாலாட்டு" ஒழுங்காகப் பாடும். ஏனென்றால் அதில் இப்படிப் பிரியும் எழுத்து எதுவும் இல்லை. ஒ, ஓ, ஔ ஏறிய உயிர்மெய் உள்ள பெயர்கள் மட்டும் தகராறு செய்கின்றன என்றால் காரணம் இதுதான். மருந்து: அந்தப் பெயர்களைப் புதுக் கணினியில் ஒருமுறை அழித்துத் திரும்பத் தட்டெழுதுவது. நூற்றுக்கணக்கில் இருந்தால் எம்பி3டேக் போன்ற கருவியைக் கொண்டு, உள்ளே இருக்கும் தலைப்பை வைத்து எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பெயர் மாற்றலாம். இதைப் பதிவேட்டை மாற்றுவதற்கு முன்னால் செய்யாதீர்கள். ஐடியூன்ஸுக்குத் தெரியாமல் பெயர் மாறினால் ஆச்சரியக் குறி வந்துவிடும். பிரிந்த பெயர்களால் எப்படியும் காணாமல் போனவற்றுக்கு மட்டும் செய்யுங்கள்.

நீளமும் ஒரு தொல்லை. லினக்ஸில் ஓடும் வீட்டுச் சர்வர்கள் பலவற்றில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 85 குறியீடுகள்தான். "ம்" என்று எழுத மகரமும் புள்ளியும் என இரண்டு குறியீடு வேண்டும், 6 பைட் போய்விடும். படத்தின் பெயர், பாடியவர்கள், இசையமைத்தவர், ஆண்டு என எல்லாவற்றையும் ஃபைலின் பெயரிலேயே திணிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். விண்டோஸிலும் ஃபோல்டர்கள் எல்லாம் சேர்ந்த முழு முகவரி 260 எழுத்துக் குறியீடுகளைத் தாண்டினால் பல மென்பொருள்கள் திணறும். மேக்கிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: கேள்விக்குறி, மேற்கோள் குறி, நட்சத்திரக் குறி உள்ள பெயர்களை விண்டோஸ் ஏற்காது. "நீ எங்கே?" என்ற பாட்டு கேள்விக்குறியை இழந்துவிட்டுத்தான் உள்ளே வரமுடியும்.

மேக்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் அங்கே ஐடியூன்ஸ் கிடையாது, மியூசிக், டிவி, பாட்காஸ்ட்ஸ் என்று பிரிந்துவிட்டது. மியூசிக்கைத் திறக்கும்போது ஆப்ஷன் விசையைப் பிடித்துக்கொண்டு லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கும் அதே. விண்டோஸிலும் ஆப்பிள் மியூசிக், ஆப்பிள் டிவி என்று தனித்தனிச் செயலிகள் வந்துவிட்டன. அவற்றை நிறுவியதும் பாட்டும் படமும் அங்கே போய்விடும், ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டும் ஒலிப்புத்தகமும் மட்டும் மிஞ்சும். என் யோசனை, முதலில் ஐடியூன்ஸிலேயே மாற்றத்தை முடித்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, பிறகுதான் அவற்றை நிறுவுவது. இரண்டு மாற்றங்களை ஒரே நாளில் செய்தால் எது எங்கே தொலைந்தது என்று சொல்ல முடியாது.

ஐஃபோனை வயரில் இணைத்துப் பாட்டு ஏற்றும் பழக்கம் இருந்தால், பழைய பதிவேடு வந்து சேரும்வரை அதைப் புதுக் கணினியில் செருகிப் பாட்டுகளை ஒத்திசைக்காதீர்கள். ஃபோன் ஒரு நேரத்தில் ஒரு லைப்ரரியோடுதான் உறவு வைத்துக்கொள்ளும். வேறு லைப்ரரியைக் கண்டால், இருப்பதை அழித்துவிட்டு இதிலிருந்து ஏற்றவா என்று கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்திவிட்டால் ஃபோனில் இருந்த பாட்டுகள் போய்விடும். பழைய பதிவேட்டையே கொண்டுவந்திருந்தால் ஃபோனுக்குப் பழைய ஆள்தான் வந்திருக்கிறார் என்று தெரியும், கேள்வியே எழாது. ஃபோனின் பேக்கப்பைக் கணினியில் எடுத்து வைத்திருந்தால் அது ஐடியூன்ஸ் ஃபோல்டரில் இருக்காது. மொபைல்சிங்க் என்ற வேறு ஃபோல்டரில் இருக்கும். புதுக் கணினியில் புதிதாக ஒரு பேக்கப் எடுத்துக்கொள்வது அதைச் சுமப்பதைவிடச் சுலபம்.

மற்ற மென்பொருள்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மின்னூல்களுக்குக் காலிபர் வைத்திருந்தால் ஃபோல்டரை அப்படியே எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைத்து, இதுதான் லைப்ரரி என்று காட்டினால் முடிந்தது. அதன் பதிவேடு அந்த ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது, முகவரிகளையும் அங்கிருந்து தொடங்கித்தான் எழுதுகிறது. எல்லா மென்பொருளும் இப்படி இருந்தால் இந்தப் பதிலுக்கே வேலை இருந்திருக்காது. புகைப்படங்களுக்கு லைட்ரூம் வைத்திருந்தால், அதன் பதிவேடான காட்டலாக் ஃபைலையும் படங்களையும் எடுத்து வந்து, கேள்விக்குறியோடு தெரியும் மேல் ஃபோல்டரில் வலது கிளிக் செய்து புது இடத்தைக் காட்டினால், கீழே உள்ளவை எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். புகைப்படம் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே எக்சிஃப் தகவலாக இருப்பதால் காப்பி செய்யும்போது போகாது. எக்ஸ்ப்ளோரரில் டேட் கிரியேட்டட் மட்டும் இன்றைய தேதிக்கு மாறும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். தங்கள் திரைப்படங்களை டிவியில் பார்க்க பிளெக்ஸ் வைத்திருப்பவர்கள் மாற்றத்தைத் தொடங்கும் முன் குப்பையைத் தானாகக் காலி செய்யும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் படங்கள் இடம் மாறிய இடைவெளியில் அவை தொலைந்துவிட்டன என்று முடிவுகட்டி, பதிவேட்டிலிருந்து நீக்கிவிடும்.

கடைசியாக, புதுக் கணினிக்கு வந்தபின் இந்தச் சில நாள்களில் நீங்கள் புதிதாகச் சேர்த்த பாட்டுகள் "ஐடியூன்ஸ் தற்காலிகம்" ஃபோல்டரில் கிடக்கும். அவற்றை மட்டும், தேதி வாரியாக அடுக்கி, அடையாளம் கண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய லைப்ரரியின் மீடியா ஃபோல்டருக்குள் ஆட்டோமேட்டிக்கலி ஆட் டு ஐடியூன்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் போட்டுவிட்டால் ஐடியூன்ஸ் தானே எடுத்து உரிய இடத்தில் அடுக்கிக்கொள்ளும். அந்த ஃபோல்டரில் எதுவும் மிஞ்சாமல் காலியாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஐடியூன்ஸ் படிக்கத் தெரியாத ஃபைல்களை அது நாட் ஆடட் என்று ஒரு துணை ஃபோல்டரில் ஒதுக்கி வைக்கும். ஃபிளாக் என்ற ஒலி வடிவில் பாட்டுகள் இருந்தால் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும்.